அரசி என்றொரு பொய்ச்சொல்

"இயற்கையில் ஏது சமத்துவம்? வலியது ஈனும்; எளியது ஏவல் செய்யும்" என்னும் வாதம் சில காலமாகப் புதுச்சேரி இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கதைகளில் வருகிறது, கட்டுரைகளில் வருகிறது, என் மாணவர்களின் விடைத்தாள்களிலும் வரத் தொடங்கிவிட்டது. சொல்பவர் எவரும் சாதி என்ற சொல்லை எடுப்பதில்லை. தேனீயைக் காட்டுவார், ஓநாயைக் காட்டுவார். மிச்சத்தைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. விலங்குகளைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்கும் இந்த வழக்கை மறுக்க ஒரு தமிழாசிரியன் வரவேண்டியிருக்கிறதே என்பது வேறு விஷயம்.

முதலில் சொல். தேன்கூட்டின் பெரிய ஈயை அரிஸ்டாட்டில் அரசன் என்றார். 1609இல் சார்லஸ் பட்லர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதைப் பெண்ணரசாக்கி ஒரு நூலே எழுதினார். அதே நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்துச் சூற்பையைக் காட்டினார். பால் மாறியது, ஆட்சி என்ற உருவகம் மட்டும் மாறவில்லை. அவள் ஆள்வதில்லை, முட்டையிடுகிறாள். அடுத்தவளை வளர்க்கும் அறையைக் கட்டுவோர் வேலைக்கார ஈக்கள்தாம். நம் சமூகத்திலிருந்து கடன் வாங்கிய சொல்லை ஈயின்மேல் ஒட்டிவிட்டு, பிறகு அந்த ஈயைக் காட்டி நம் சமூகத்தை நியாயப்படுத்துவது என்ன தருக்கம்?

தேனீ எதற்கு, நம் வீட்டு இறவாணத்துக் குளவியே போதும். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற தென்னிந்தியக் காகிதக் குளவியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தனர். 2001இல் அவர் அதுபற்றித் தனி நூலே வெளியிட்டார். அக்கூட்டில் முட்டையிடுபவள் ஒருத்திதான். ஆனால் அவள் எவரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை; கூட்டிலேயே சாதுவான பிராணி அவள். தன் இருப்பை உடலில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளால் அறிவிக்கிறாள், அவ்வளவே. அவளை அகற்றினால் சில நிமிடங்களில் வேலைக்காரி ஒருத்தி மூர்க்கம் கொள்கிறாள். ஒரு வாரமளவில் முட்டையிடத் தொடங்குகிறாள். பிறகு அவளும் சாதுவாகிறாள். அவளையும் அகற்றினால் மற்றொருத்தி, பெரிதாகச் சண்டையேதுமின்றி. முன்கூட்டியே யார் என்று ஆராய்ச்சியாளரால் ஊகிக்க இயலவில்லை. குளவிகளோ அறிந்திருப்பதாகத் தெரிகிறது. இது வரிசை. அடிமைத்தனமென்று இதை எப்படிப் படிப்பது?

இன்னொன்று, என்னை மிகவும் யோசிக்கவைத்தது. பிறந்த பெண்குளவிகளைத் தனித்தனியே வைத்து வளர்த்தபோது ஏறத்தாழப் பாதிதான் முட்டையிட்டன. பிறவிப் பயன் என்று நம் நண்பர்கள் துள்ளக்கூடும். பொறுங்கள், புழுப்பருவத்தில் கிடைத்த ஊட்டம் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. சோறு போடாமல் வளர்த்துவிட்டு வம்சத்தைக் குறைசொல்வது குளவிக்குத் தெரியாத கலை.

கொடுமையான கூட்டங்கள் இல்லையென்று நான் சாதிக்கவில்லை. கலஹாரிப் பாலையின் மீர்கட்டுகளில் முதல்பெண் சூலுற்றதும் பிற பெண்களைக் கூட்டத்தைவிட்டே துரத்துகிறாள். சங்கப் பாடல்கள் அறிந்த நம் செந்நாயிலும் பெரும்பாலும் ஒரு பெண்ணே ஈனுகிறது. 1970களின் பிற்பகுதியில் பந்திப்பூரில் செந்நாயை ஆராய்ந்தவர் நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங். தாம் ஈனாத மற்ற நாய்கள் வேட்டைக்கறியை விழுங்கி வந்து குட்டிகளுக்குக் கக்கி ஊட்டுகின்றன. ஆனால் காட்டரசன் என்று நாம் பட்டம் கட்டிய சிங்கத்தில் பெண்கள் ஏறத்தாழச் சமமாகவே ஈனுகின்றன! இதை எடுத்துக்கொண்டு, "இயற்கை பொதுவுடைமை" என்று மேடையேறும் முற்போக்கு நண்பர்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. அவர்கள் செய்வதும் அதே ஏமாற்று, திசைதான் வேறு.

ஈனும் உரிமை கூட்டத்தில் எப்படிப் பங்காகிறது என்பதற்கு 1983இல் சாண்ட்ரா வெஹ்ரென்காம்ப் ஒரு கணக்கு தந்தார். இரத்த உறவு எவ்வளவு, தனியே போனால் பிழைக்க முடியுமா என்பவை அதன் உறுப்புகள். வெளியே வாழ வழியிருந்தால் பின்னிற்பவரைத் தக்கவைக்க முன்னிற்பவர் பங்கு தரவேண்டியிருக்கும். எல்லா இனத்துக்கும் இக்கணக்கு பொருந்தவில்லை, வேறு விளக்கங்களும் உண்டு. எப்படியாயினும் இது பேரம் பற்றிய பேச்சு. இதில் தர்மசாஸ்திரம் எங்கே வந்தது?

தமிழில் எழுதுவோரிடம் எனக்குள்ள சண்டை இதுதான். 'ஆதிக்க விலங்கு', 'அடிமை விலங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதியதும் பாதி வாதம் முடிந்துபோகிறது. முன்வரிசை, பின்வரிசை என்றால் என்ன குறைந்துவிடும்? நம் ஊரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்தது கப்பலேறி வந்த பிரெஞ்சுக்காரர், குளவிகள் அல்ல. அடுத்த கூட்டத்துக்குத் தேனீயைத் தூக்கிக்கொண்டு வருபவர், எந்த இனம், எந்தக் கூடு, எந்த முட்டை யாருடையது என்ற விவரங்களோடு வரட்டும். பேசலாம்.