சவ்வு கெடுவது ஒட்டில், ஆய்வு நடப்பது வேறிடத்தில்

அயனிப் பரிமாற்றச் சவ்வுகளைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் கட்டுரைகளில் பலவும் ஒரே முடிவுரையை எழுதுகின்றன: புதிதாக உருவாக்கப்பட்ட இச்சவ்வு உவர்நீரைக் குடிநீராக்கும் பணிக்கு ஏற்றது. ‘ஏற்றது’ என்பது ஒரு வாக்குறுதி. அதற்கான சான்றைத் தேடினால் கிடைப்பது உள்ளங்கையளவுப் படலம் ஒன்றின் அளவீடுகள். நேற்று வார்த்து இன்று அளக்கப்பட்ட படலம் அது. அயனிப் பரிமாற்றக் கொள்ளளவு உண்டு, கடத்துத்திறன் உண்டு, நீரேற்பு உண்டு. தாங்குதுணி மட்டும் இல்லை.

ஆலையில் இயங்கும் சவ்வு அந்தப் படலம் அன்று. பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் இழைகளால் நெய்த துணியின்மீதும் அதன் கண்களுக்குள்ளும் பிசின் படிந்த கூட்டுப்பொருள் அது. துணி இல்லையேல் ஒரு மீட்டர் நீளச் சவ்வைச் சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே கிழித்துவிடலாம். துணி வந்தவுடன் புதிய பகை ஒன்றும் வருகிறது. பிசினும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் எல்லையே சவ்வின் பலவீனமான இடமாகிவிடுகிறது. அந்த எல்லையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ‘ஏற்றது’ என்று முடிப்பது அறிவியல் முடிவு அன்று, விருப்பம்.

பகையின் காரணம் எளியது. சல்பானிக் தொகுதிகளைத் தாங்கிய பாலிஸ்டைரீன் பிசின் நீரை விரும்புவது. வழக்கமான வன்னமிலப் பிசின் சோடிய வடிவிலிருந்து ஹைட்ரஜன் வடிவுக்கு மாறும்போது ஏறத்தாழ 8 விழுக்காடு வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். பாலிஎதிலீனோ நீரை ஏற்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் புறப்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லிநியூட்டன், நீருக்கு 72. நீர் அதன்மேல் பரவாது, துளியாகத் திரண்டு நிற்கும். ஆக, ஒன்று வீங்கித் தள்ளுகிறது, மற்றொன்று அசையாமல் நிற்கிறது. இவ்விரண்டையும் பிணைக்கும் வேதிப் பிணைப்பு எதுவும் இடையில் இல்லை.

களத்தில் இந்த இழுபறி ஒருமுறையோடு முடிவதில்லை. மின்புலத்தால் உப்பைப் பிரிக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் கருவிகளில், படிவுகளை அகற்ற மின்முனைகளை மாற்றி இயக்கும் வகையில், மணிக்கு இரண்டு முதல் நான்கு முறை திசை மாறுகிறது. நன்னீர் ஓடிய அறையில் செறிநீர் ஓடுகிறது, செறிநீர் ஓடிய அறையில் நன்னீர். ஒவ்வொரு மாற்றத்திலும் பிசின் சற்றே சுருங்கி, சற்றே விரிகிறது. மின்தடையாலோ பழுதாலோ கருவி வாரக்கணக்கில் நின்று சவ்வு உலர்ந்துபோனால் சுருக்கம் இன்னும் கடுமையாகிறது. இழைக்கும் பிசினுக்கும் இடையே முதலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். பின் அது நீர்வழியாகும். அவ்வழியே தடுக்கப்பட வேண்டிய அயனிகளும் கசியும். மின்சாரம் செலவாகும், உப்பு குறையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 2,000 என்பதை உச்ச அளவாகவும் வைக்கிறது. உவர்நிலத்துச் சிற்றூர் ஒன்றில் சவ்வின் ஒட்டு விடுவதன் பொருள், குழாயில் வரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்டுவது.

தீர்வு தெரியாத நிலையில் இந்த மௌனம் நிலவினால் மன்னிக்கலாம். தீர்வுகள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. பாறை உப்பு இல்லாத ஜப்பான், 1972-க்குள் தன் உப்பு உற்பத்தியை உப்பளங்களிலிருந்து அயனிப் பரிமாற்றச் சவ்வு முறைக்கு முழுமையாக மாற்றியது. அந்நாட்டின் டோக்குயாமா சோடா நிறுவனம் கையாண்ட பசைமுறையில், நுண்ணிய பி.வி.சி. தூளை ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் ஆகியவற்றோடு குழைத்து பி.வி.சி. துணிமேல் பூசிச் சூடேற்றுவார்கள். ஸ்டைரீன் இழைக்குள்ளேயே ஊடுருவி, அங்கேயே பாலிமராகிறது. எல்லைக்கோடு அழிந்துபோவதால் ஒட்டு உறுதியாகிறது. குஜராத்தின் பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பாலிஎதிலீனையும் ஸ்டைரீன் பாலிமரையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய சவ்வுகளை உருவாக்கியதும் இதே சிந்தனையில்தான். வெப்பத்துக்கும் காரத்துக்கும் பி.வி.சி. தாங்காது என்று பாலிபுரோப்பிலீன் துணிக்கு மாறும்போது ஸ்டைரீன் அவ்வளவு எளிதில் உட்புகுவதில்லை. அங்கும் வழிகள் உண்டு: கதிர்வீச்சாலோ புறஊதா ஒளியாலோ இழையின்மேல் புதிய கிளைகளை வளர்த்தல், பிளாஸ்மாவால் மேற்பரப்பை மாற்றுதல், மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிஎதிலீனை இடையில் சேர்த்தல். ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு. பிளாஸ்மா தந்த ஈரவிருப்பம் நாளடைவில் மங்கும். கதிர்வீச்சு மிகுந்தால் இழையே வலுவிழக்கும். ஆய்வுக்குரிய கேள்விகள் இவைதாம்.

தமிழ் இலக்கண மரபுக்கு இந்தக் கேள்வி அந்நியமன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் 9 இயல்களில் புணரியல் தொடங்கி 6 இயல்கள் மொழிக்கூறுகள் சந்திக்கும் இடத்தையே பேசுகின்றன. நிலைமொழியையும் வருமொழியையும் தனித்தனியே அறிந்தவருக்கு அவை சேரும்போது நிகழ்வது தானாக விளங்கிவிடாது என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. இரண்டு உயிர்கள் நேரே இணங்காதபோது இடையில் உடம்படுமெய் தோன்றுகிறது. மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிஎதிலீன் செய்வதும் ஏறத்தாழ அதுவே: ஒரு முனை பிளாஸ்டிக்கோடு உருகிக் கலக்கிறது, மறுமுனை பிசினின் முனைவுத் தொகுதிகளோடு இணங்குகிறது. பொருள்களை மட்டும் வருணித்துப் புணர்ச்சியை விட்டுவிட்ட இலக்கணம் எவ்வளவு குறையுடையதோ, அவ்வளவு குறையுடையது எல்லையை விட்டுவிட்ட சவ்வாய்வு.

ஏன் விடுகிறார்கள்? புதிய பாலிமருக்குப் பெயர் உண்டு, பழைய ஒட்டைச் சீர்செய்தவருக்குப் பெயர் இல்லை. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைப் பட்டியல் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. ஆயிரம் முறை நனைத்து உலர்த்திய பின்னும் பிரியாத சவ்வை எண்ணுவதற்கு அதில் கட்டம் இல்லை. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. பழக்கம் நீங்கவில்லை. ஒட்டுச் சோதனைக்கு மாதங்கள் ஆகும். மூன்றாண்டு உதவித்தொகைக்குள் மூன்று புதிய படலங்களை வார்ப்பது எளிது.

இரண்டு மறுப்புகள் எழும். ஒட்டு என்பது தொழிற்சாலையின் வேலை, பல்கலைக்கழகத்தின் வேலையன்று என்பது முதலாவது. புறப்பரப்பு வேதியியலும் விரிசல் இயக்கவியலும் பல்கலைக்கழகத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடையவை? தவிரவும், இந்தியக் காஸ்டிக் சோடா ஆலைகளின் சவ்வுகள் இன்றும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. கற்றுத்தரும் தொழில் உள்நாட்டில் இல்லாதபோது தொழிலிடம் விட்டுவிடுவது கைகழுவுவதே. உயர்ரகச் சவ்வுகளுக்குத் துணியே வேண்டாம் என்பது இரண்டாவது. உண்மை நேர்மாறு. காஸ்டிக் சோடா ஆலைகளின் விலையுயர்ந்த சவ்வுகளுக்குள் டெஃப்லான் இழைத் துணி இருக்கிறது. எரிபொருள் கலங்களின் மெல்லிய சவ்வுகள், விரித்த டெஃப்லானின் நுண்துளைகளுக்குள் பிசினை நிரப்பிச் செய்யப்படுகின்றன. சவ்வு மெலிய மெலியத் தாங்கியின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

2023 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் மின்பகுப்புக் கலங்களில் ஒரு வகைக்குச் சவ்வே இதயம். அந்த இதயத்தையும் வெளியிலிருந்தே வாங்குவதா என்பதைக் கொள்ளளவு அட்டவணைகள் தீர்மானிக்கப்போவதில்லை.

கோரிக்கை பெரிதன்று. நீர்சுத்திகரிப்புக்கோ ஆற்றலுக்கோ பயன்படும் என்று உரிமை கோரும் ஒவ்வோர் ஆய்வேடும் தாங்குதுணியோடு செய்த சவ்வின் முடிவுகளைத் தர வேண்டும். நனைத்து உலர்த்தும் சுழற்சிகளுக்கு முன்னும் பின்னும் உரிப்பு வலிமையையும் அயனித் தேர்வுத்திறனையும் அளக்க வேண்டும். ஒட்டு விட்ட இடத்தின் குறுக்குவெட்டுப் படத்தை மறைக்காமல் அச்சிட வேண்டும். நிதி வழங்கும் குழுக்கள் முதல் கேள்வியாக இதைக் கேட்க வேண்டும்: துணியிலிருந்து பிசின் எப்போது பிரிந்தது? இதற்கு விடை இல்லாத கட்டுரை நல்ல பாலிமர் வேதியியலாக இருக்கலாம். ‘குடிநீர்’ என்ற சொல்லை அதன் முடிவுரையில் எழுதும் உரிமை அதற்கு இல்லை.