பிடிமண்ணுக்கு ரசீது போடுகிறவர்களுக்கு



போன மாதம் சம்பள நாளன்று ஒரு ரசீதுப் புத்தகம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. மேலே 'திருப்பணிக் கமிட்டி' என்று கொட்டை எழுத்தில் அச்சு. கீழே ஒரு சாமியின் பெயர். முன்னால் இரண்டு ஸ்ரீ, நடுவில் வாயில் நுழையாத வடமொழி, முடிவில் ஓர் ஈஸ்வரர். யார் இந்தச் சாமி, எந்த ஊர் என்று யோசித்தோம். இரண்டாம் முறை படித்தபோதுதான் விளங்கியது. பூவரச மரத்தடியில் கல்லும் சூலமுமாக நிற்கிற நம் முனியாண்டிதான்! நாற்பது வருஷமாக நம் பிள்ளைகளுக்கு விபூதி பூசிவிட்ட அதே முனியாண்டிக்கு, அவரைக் கேட்காமல் பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

நமக்குப் பெயர் மாற்றம் புதிதல்ல. நாம் குடியிருக்கும் போர்ட் பிளேரே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அது சர்க்கார் செய்தது. முனியாண்டிக்குச் செய்திருப்பவர்கள் நம்மவர்கள். பெயரோடு நிறுத்தவும் இல்லை. கல்லை எடுத்துவிட்டுச் சிலை வைப்பார்களாம். மரம் கட்டடத்துக்கு இடைஞ்சல், ஆகவே மரத்தையும் வெட்டுவார்களாம். அக்கரையிலிருந்து குருக்கள் வருவாராம். கிடா கூடாது, சுருட்டு கூடாது, பெண்கள் சாமியாடுவது அறவே கூடாது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "நாலு பேர் வந்து பார்த்தால் மரியாதையாக இருக்க வேண்டாமா?"

யார் அந்த நாலு பேர்? அதைத்தான் இந்த மாதம் கேட்க விரும்புகிறோம்.

ரயில் ஓடாத தீவில் ரயில் சீட்டுப் போடுகிற குமாஸ்தா என்று நம்மைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். மூன்று நாள் கப்பலில் போய்ச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து ஊருக்கு ரயில் ஏறுகிற நம் ஜனம் எதற்காகப் போகிறது என்பது அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் தெரியும். பங்குனி உத்திரம் நெருங்கினால் நெல்லைச் சீமைக்காரர்கள் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்புவார்கள். மாசி சிவராத்திரி என்றால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்கள் குலசாமிக்குப் பெட்டி தூக்கப் போவார்கள். நாலு மாதக் கூலி அந்த ஒரு பயணத்தில் கரையும். ஆனாலும் போவார்கள்.

இந்த மாசியில் ஒரு கொத்தனார் தம்பி மானாமதுரைக்குச் சீட்டுக் கேட்டு வந்து நின்றார். பழக்கமானவர்.

"என்ன தம்பி, பெட்டி தூக்கவா?" என்றோம்.

"இல்லண்ணே... சொந்தத்துல ஒரு கல்யாணம்" என்றார். முகம் கொடுத்துச் சொல்லவில்லை.

சாயங்காலம் டீக்கடைக்கு நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. கருப்பனுக்குக் கெடா நேந்திருக்கேன். மகளுக்குக் காய்ச்சல் கண்டப்போ நேந்தது. பின்னால அந்தப் பள்ளிக்கூடத்து சார் நின்னாரு. கெடா வெட்டுன்னு சொல்ல வாய் வரலண்ணே."

பொய் சொன்னதற்காக அந்தத் தம்பியை நாம் கோபிக்கவில்லை. அவர் வாயை அடைத்தது எது? அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுமே வரிசையில் நின்றார், அவ்வளவுதான். ராத்திரி கும்பிடுகிற சாமியைப் பகலில் இல்லை என்று சொல்ல வைக்கிற ஒரு பயம் நம் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ரசீதுப் புத்தகத்தை அச்சடித்ததும் அந்தப் பயம்தான்.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 'சிறுதெய்வம்' என்ற சொல் அப்பர் தேவாரத்திலேயே இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக நம் சாமிகள் சின்னச் சாமிகள். பிறகு வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்தார்கள். கால்டுவெல் 1849-ல் நெல்லைச் சீமை மக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் பேய் வழிபாடு என்று எழுதி வைத்தார். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நாம் மறக்கவில்லை, இதையும் மறக்கவில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களைப் 'பேகன்' என்றார்களே, அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வார்த்தைக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். ஆக, எங்கும் குற்றம் சாமி மேல் அல்ல, கும்பிடுகிறவன் மேல்தான்!

சாமி எப்படி நம்மோடு வந்தது என்பதைக் கமிட்டியார் மறந்துவிட்டார்கள். ஊர்க் கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கப்பல் ஏறி வந்து, மரத்தடியில் வைத்துக் கல் நட்டோம். பிடிமண் வந்தால் சாமி வந்ததாக அர்த்தம். அதற்குத் தேர் வேண்டாம், தங்கம் வேண்டாம். மடியில் முடிந்து கொண்டுவரக்கூடிய சாமி என்பதால்தான் அது கூலிக்காரனுடைய சாமி.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர்ச் சாமிகளைக் கொண்டுபோனதோடு அங்கே புதிய சாமிகளையும் உண்டாக்கியது. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவல் ரோதை முனி. செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமி. கொழுந்துக்கும் ஒரு சாமி. கையை அறுக்கிற கத்திக்கும், விரலை விழுங்குகிற சக்கரத்துக்கும் பக்கத்தில் நின்று 'பார்த்துக்கொள்' என்று சொல்ல ஒரு துணை வேண்டியிருந்தது. தோட்டத் துரை துணை நிற்கவில்லை. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த ஜனத்தைக் கப்பல் ஏற்றியது. அவர்களில் ஒரு பகுதியினர் நம் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்க வந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் மிக அதிகமாக இழந்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. இத்தனைக்கும் தாங்கிய ஜனத்திடம் போய், உன் சாமி மரியாதையாக இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சிங்கப்பூரைப் பாருங்கள் என்கிறார்கள் கமிட்டி நண்பர்கள். பார்த்தோம். நமக்கு அதில் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு. அங்கே குயின்ஸ்டவுன் பகுதியில் 1932-ல் ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்த முனியாண்டி, இன்று கோபுரம் வைத்த முனீஸ்வரர் கோயிலாக நிற்கிறார். நல்லது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வினீதா சின்ஹா என்ற ஆய்வாளர் 2005-ல் சிங்கப்பூர் முனீஸ்வர வழிபாட்டைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். பெரிய கோயிலில் இடமில்லாத சுருட்டும் மதுவும் சாமியாட்டமும் அங்கே மக்கள் வீட்டில் வைத்திருக்கும் முனீஸ்வரர் முன்னால் நடக்கின்றன. முன்வாசலில் விரட்டியது பின்வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது! அப்படியானால் மறைத்துக் கும்பிடுவதற்காகவா நாம் நன்கொடை கொடுத்துக் கோபுரம் கட்ட வேண்டும்?

கிடா விஷயத்துக்கு வருவோம். 2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, 1950-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கிராமங்களில் போலீஸ் நின்றது. நேர்ந்த கிடாவை வைத்துக்கொண்டு ஜனம் தவித்தது. ஆறே மாதம். 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சர்க்காரே பின்வாங்கிய காரியத்தை இங்கே ஒரு கமிட்டி தீர்மானம் போட்டுச் செய்யப் பார்க்கிறது. பிரியாணிக்கு அறுத்தால் வியாபாரம், முனிக்கு அறுத்து ஊருக்கே பரிமாறினால் காட்டுமிராண்டித்தனமா? கிடா வெட்டு என்றால் ரத்தம் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள், கறி எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் வயிறாரச் சாப்பிடும். அழைப்பு கிடையாது, மொய் கிடையாது.

சைவமாக இருக்க விரும்புகிறவர்களுக்கு நம் முன்னோர் அப்போதே வழி வைத்திருக்கிறார்கள். சாஸ்தா சைவம், அவர் காவல்காரன் கருப்பன் அசைவம். கருப்பனுக்கு வெட்டும்போது சாஸ்தாவுக்கு முன் திரை போட்டுவிடுவார்கள். ஒரு முழத் திரையில் முடிந்த சண்டை. இதற்குப் போய் மரத்தை வெட்டுவானேன்?

அக்கரைக் குருக்கள் என்கிறீர்களே, இதையும் யோசியுங்கள். எல்லாச் சாதியாரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வழக்கு மேல் வழக்கு. பயிற்சி முடித்துக் காத்திருந்தவர்களில் 24 பேர் அர்ச்சகராகப் பணி ஆணை வாங்கியது 2021 ஆகஸ்டில். ஐம்பது வருஷம்! அந்தத் தட்டு நம் மரத்தடியில் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. நேற்று வரை மீன் இறக்கிய கை இன்று விபூதி கொடுக்கிறது. பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த அக்கா மேல் சாமி இறங்கினால் காண்டிராக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வருஷத்தில் ஒரு மணி நேரம் அவர் அவளுடைய வார்த்தைக்குக் கட்டுப்படுகிறார். அந்த ஒரு மணி நேரத்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறது இந்த ரசீதுப் புத்தகம்.

இந்தத் தீவுகளிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது. கார் நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அந்த மண்ணின் மகனான பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டை அவர்கள் மொழியில் தந்தார். முதல் நாடாளுமன்றத்தில் இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். ஆனாலும் மூதாதையரை நினைத்துப் பன்றி அறுத்து ஊர் ஊராக அழைத்து விருந்து வைக்கும் விழாவை அந்த மக்கள் விட்டுவிடவில்லை. ஒளித்துச் செய்யவும் இல்லை. 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரர்களைப் பாருங்கள். அவர்களுடைய சொந்த பந்தம் அங்கே தோப்பில் மரத்தைக் கும்பிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் மதம் என்ன என்று கேட்டபோது சுமார் 49 லட்சம் பேர் 'சர்னா' என்று தங்கள் வழிபாட்டின் பெயரைச் சொன்னார்கள். அதற்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020-ல் தீர்மானம் போட்டது. 2027 கணக்கெடுப்புக்கு நாம் தனிக் கட்டம் கேட்கவில்லை. சீட்டு ஜன்னலில் 'குலசாமிக்குப் போகிறேன்' என்று சொல்லுகிற தைரியம் போதும்.

பகுத்தறிவுத் தோழர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முகம் சுளிக்கக் கூடும். நாமும் பெரியாரைப் படித்துத்தான் சங்கத்துக்கு வந்தோம். சாமி உண்டா இல்லையா என்பதை ஓய்ந்த நேரத்தில் பேசிக்கொள்வோம். இப்போதைய கேள்வி, உழைக்கிறவன் கையில் இருப்பதை யார் பிடுங்குகிறார்கள் என்பது. இதில் நீங்கள் எந்தப் பக்கம்?

ஆனால் தோழர்களே, நம் பக்கத்து அழுக்கையும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கமிட்டியார் சொல்வார்கள், அதுவும் நியாயமாகச் சொல்வார்கள். முனிக்கு வைத்த பாட்டில் ஒன்று, நம்மவர் குடித்தது ஒன்பது. போன கொடையில் இரண்டு பேர் மண்டை உடைந்தது முனி கேட்டதாலா? அக்கரையில் எத்தனையோ குலசாமிக் கோயில்களில் சேரிக்காரன் வாசலுக்கு வெளியேதான் நின்றான். நம் சாமியும் சாதி பார்த்தது. அதாவது, நாம் பார்க்க வைத்தோம். இங்கே ஒரே கப்பலில் வந்து ஒரே லயத்தில் படுத்ததால் அந்தச் சுவர் கொஞ்சம் இடிந்தது. இப்போது இரண்டு குடும்பங்கள் முதல் மரியாதை எங்களுக்கே என்று புதிதாகச் செங்கல் அடுக்குகின்றன. அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலை வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டாமல் இருந்த வீட்டையும் நமக்குத் தெரியும். மாரி எப்போது டாக்டரிடம் போகாதே என்றாள்?

சாமியை உண்மையாகக் கும்பிடுகிறவன் கொடை நாளில் மட்டும் கும்பிட மாட்டான். முனி முன்னால் சூடம் அணைத்துக் கொடுத்த வாக்கு, சீட்டுப் பணத்திலும் செல்ல வேண்டும், மேஸ்திரி போடும் கூலிக் கணக்கிலும் செல்ல வேண்டும். சூடம் அணைத்துவிட்டுச் சீட்டுப் பணத்தோடு ஓடினவர்கள் இன்றைக்குத் திருப்பணிக் கமிட்டியில் கௌரவத் தலைவர்களாக இருந்தால் நாம் என்ன சொல்ல! (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. தொப்பி பொருந்துகிறவர் போட்டுக்கொள்ளலாம்.)

வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு மரத்தடியிலேயே பொதுக்கூட்டம். மழை ஒழுகாமல் ஒரு ஓட்டுக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் வசூல் செய்வோம், நாமே வீடு வீடாக வருகிறோம். மரமும் கல்லும் பெயரும் இருந்தபடியே இருக்கும். முதல் மரியாதை யாருக்கும் கிடையாது. பூசாரி வேலை வருஷத்துக்கு ஒருவராக எல்லாக் குடும்பத்துக்கும் சுற்றிவர வேண்டும், பெண்கள் உட்பட. சாராயம் முனிக்கு ஒரு கிண்ணம், அதோடு சரி. இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். கமிட்டியாரும் தங்கள் தீர்மானத்தோடு வரட்டும், எல்லார் முன்னாலும் கை தூக்கி முடிவு செய்வோம். வீட்டுப் பெண்களை அழைத்து வராத ஓட்டு செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ரசீதுப் புத்தகம் ஒரு தாளும் கிழிக்கப்படாமல் சங்க அலுவலக மேஜையில் இருக்கிறது. கொடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். கொத்தனார் தம்பி ஊரிலிருந்து கப்பல் ஏறிவிட்டதாகத் தகவல். வெள்ளிக்கிழமை இறங்குகிறார். கூட்டத்தில் முதலில் பேச அவரைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.