சான்றிதழ் கையில் இருக்கு, விலை எங்கே இருக்கு?



இயற்கை விவசாயத்துக்கு மாறுங்கள் என்று அமைச்சர் பேசுகிறார், அதிகாரி பேசுகிறார், டி.வி.யிலும் பேசுகிறார்கள். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்து சொன்னபோது ஏளனம் பண்ணியவர்கள்கூட இன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். மகிழ்ச்சி. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானபோது நாமும்தான் வரவேற்றோம். ஆனால் கொள்கைப் புத்தகம் கோட்டையில் இருக்கிறது. நம்ம மாப்பிள்ளைச் சம்பா கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாதை போட ஆளைக் காணோம். நம் சங்கம் இதைக் கையில் எடுத்ததே அதனால்தான்.

கொள்முதல் நிலையத்திலிருந்தே ஆரம்பிப்போம். மத்திய அரசின் ஆதரவு விலையில் இருப்பது இரண்டே வகை நெல்: சாதா ரகம், சன்ன ரகம். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். மூணு வருஷம் உப்புப் போடாமல், மருந்து அடிக்காமல், தக்கைப்பூண்டு மடக்கி உழுது, பஞ்சகவ்யா தெளித்து விளைவித்த கருப்புக் கவுனியும் பூங்காரும் அங்கே போனால் இந்த இரண்டு பெயருக்குள்தான் அடங்கணும். நெல் தடிச்சிருந்தா சாதா ரகம், கதை முடிஞ்சது. பிறகு எல்லா நெல்லோடும் ஒரே குவியல், ஒரே சாக்கு, ஒரே அரவை மில். அங்ககச் சான்றை நீட்டினால் நிலையத்து எழுத்தர் என்ன செய்வார், பாவம்? அவர் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.

சரி, வெளியில் விற்கலாமே என்பார்கள். சென்னையில் அந்த அரிசி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்ம களத்துமேட்டில் வியாபாரி கேட்கிற விலையையும் பாருங்கள். நடுவில் இருக்கிற லாபம் ஆலை வைத்திருப்பவனுக்கும், பாக்கெட் போடுறவனுக்கும் போகிறது. அரைக்கவும் பை போடவும் நமக்கென்று ஒரு வசதி இல்லாத வரைக்கும் இப்படித்தான்.

மாறுகிற காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிப்படி நெல், காய்கறி போன்ற பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருஷம், தென்னை, மா போன்ற மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருஷம் மாறும் காலம். அந்த வருஷங்களில் மகசூல் இறங்கும், விலையோ ஏறாது. செலவே இல்லாத விவசாயம் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு ஏக்கர் களை எடுக்க ஆள் கூப்பிட்டுப் பார்க்கட்டும். பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் (2015-ல் வந்தது) ஹெக்டேருக்கு 3 வருஷத்துக்கு 31,500 ரூபாய் என்கிறார்கள். அதில் விவசாயி கணக்குக்கு நேரே வருவது 15,000. மீதி பயிற்சி, சான்று, சந்தைப்படுத்தல் என்று பிரிந்துவிடும். பதினைந்தாயிரத்தை ஏக்கருக்கும் வருஷத்துக்கும் வகுத்துப் பாருங்கள், சுமார் 2,000 ரூபாய். ஒரு களைக்கே காணாது.

இதே அரசுதான் 45 கிலோ யூரியா மூட்டையை நமக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை உரக் கம்பெனிக்கு மானியமாகக் கட்டுகிறது. 2022-23-ல் மட்டும் உர மானியம் 2 லட்சம் கோடியைத் தாண்டியது. அதைப் பிடுங்கு என்று நாம் கேட்கவில்லை, தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். யூரியா வாங்காத விவசாயியால் அரசுக்கு மிச்சமாகிற பணம் அவனுக்கே வரட்டும் என்கிறோம். இதில் என்ன அநியாயம்?

ஒரே நாளில் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து இலங்கை காட்டிவிட்டது. 2021-ல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அதே வருஷம் நவம்பரில் பின்வாங்கினார்கள். கட்டளை போட்டு மண்ணை மாற்ற முடியாது. விரும்பி வருகிறவனுக்குத் தோள் கொடுக்கத்தான் அரசு.

ஏற்றுமதி என்றால் நம்மாளுக்கு உடனே ஆசை வரும். ஈரோட்டு மஞ்சள், அரவக்குறிச்சி முருங்கை, பொள்ளாச்சித் தேங்காய், எல்லாவற்றுக்கும் வெளியே கேட்பவர்கள் உண்டு. ஆனால் சான்று விஷயத்தில் கவனம். அக்கம்பக்க விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து வாங்குகிற பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்குத் தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்றளிக்க 2007-லிருந்து கோவையில் நம் மாநிலத் துறையே இருக்கிறது. அமெரிக்காவோ 2021 ஜனவரியில் இந்தியாவுடனான அங்கீகார ஏற்பாட்டை முறித்துக்கொண்டது. அங்கே அனுப்ப அந்த நாட்டு வேளாண் துறை ஏற்ற நிறுவனத்திடம் தனியாகச் சான்று வாங்கணும். 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஐரோப்பாவில் பிடித்தார்கள். அது வயலில் எவனும் அடிக்கிற மருந்து இல்லை, அறுவடைக்குப் பிறகு கிருமி போக்கக் காட்டுகிற வாயு. அடுத்தவன் செய்த வேலைக்குப் பேர் கெட்டது விவசாயிக்கு.

இன்னொன்று. குழுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வாங்குகிற கம்பெனியே செலவு செய்து எடுத்துத் தருகிறது என்றால் இனிக்கும். சான்று அவன் பெயரில் இருந்தால், அவனை விட்டு வேறு ஆளிடம் நம் சரக்கை அங்ககம் என்று விற்க முடியாது. அவன் சொன்னதே விலை. 2025 ஜனவரியில் வந்த எட்டாம் பதிப்பு விதிகள் விவசாயிகள் குழுவுக்கே சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கின்றன. நம்ம பெயரிலேயே சான்று எடுக்க இது நல்ல வாய்ப்பு, விட்டுவிடக் கூடாது.

குத்தகைதாரரை யாருமே நினைப்பதில்லை. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் உழுகிறவர்கள் எத்தனை பேர்! சிட்டா அவர்கள் பெயரில் இல்லை, திட்டத்தில் சேர முடியவில்லை. மூணு வருஷம் மண்ணைத் தேற்றிய பிறகு நிலத்தைக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

ஆகவே நாம் கேட்பது: சான்று பெற்ற பாரம்பரிய நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் தனி நாள், தனிச் சாக்கு, தனி விலை வேண்டும். அந்த அரிசி சத்துணவுக் கூடங்களுக்குப் போகட்டும், நம்ம பிள்ளைகள் சாப்பிடட்டும். மாறும் காலத்துக்கு ஏக்கர் கணக்கில் நேரடி ஈட்டுத்தொகை. ஒன்றியத்துக்கு ஒரு சிறு அரவை ஆலை, அதில் அங்கக நெல் மட்டும். எஞ்சிய நஞ்சுப் பரிசோதனைக்கு அரசே செலவு ஏற்பது. குத்தகைதாரரைச் சாகுபடி அடங்கலை வைத்தே திட்டத்தில் சேர்ப்பது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர் நாளுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். சான்று இருந்தால் அதன் நகல், அடங்கல் நகல், கடைசியாக நெல் போட்ட ரசீது மூன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி நெல்லும் தாளில் மடித்து எடுத்து வாருங்கள், மேசையில் வைத்துவிட்டுப் பேசுவோம்.