கிலோமீட்டர் கணக்கு பாதுகாப்புக்குச் சான்றாகாது

வாகனத்தின் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஆளும் உட்பொதி மென்பொருள், அதாவது வண்டிக்குள் பொருத்தப்பட்ட சிறு கணினிகளில் ஓடும் நிரல், போதிய தூரம் ஓட்டிப் பார்க்கப்பட்டால் பாதுகாப்பானதாகிவிடும் என்ற நம்பிக்கை வாங்குவோரிடம் மட்டுமன்றிப் பொறியாளர் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. அது தவறு, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஆபத்தும்கூட.

32 பிட் எண்கள் இரண்டை உள்ளீடாகப் பெறும் ஒரு சிறு நிரல்கூறினை நொடிக்கு நூறு கோடி முறை சோதித்தாலும், எல்லா உள்ளீடுகளையும் பார்த்து முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேலாகும். மேலும், நினைவகத்தின் ஓரிடத்தில் ஒரு பணி எழுதி முடிப்பதற்குள் இன்னொரு பணி குறுக்கிட்டு அதைப் படித்துவிடும் வகைப் பிழை, இரண்டும் மைக்ரோநொடிக் கணக்கில் ஒத்துவந்தால் மட்டுமே தலைகாட்டுவதால், ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் அகப்படாமல் போகலாம். தானியங்கிக் கார்கள் மனித ஓட்டுநரைவிட அதிக உயிரைப் பறிப்பதில்லை என்று 95 விழுக்காடு நம்பகத்துடன் காட்டுவதற்கே, ஓர் உயிரிழப்புமின்றி ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றும், நூறு கார்கள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரவுபகலாக ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் பிடிக்கும் என்றும் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. அதற்குள் நிரல் பலமுறை திருத்தப்பட்டிருக்கும்; பழைய நிரல் ஓடிய தூரம் புதிய நிரலுக்கு எப்படிச் சான்றாகும்?

இதற்கு மாற்றுவழி உண்டு. ஃபார்மல் முறைகள் எனப்படுபவை, நிரல் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைக் கணிதக் கூற்றுகளாக எழுதி, எந்த உள்ளீட்டுக்கும் அவை பொய்க்காது என்று நிறுவுபவை. இவற்றில் ஒன்றான அருவ விளக்கம், தனித்தனி மதிப்புகளை ஓட்டிப் பார்க்காமல், ஒரு மாறி எந்த எல்லைகளுக்குள் அடங்கும் என்பதை நிரல் முழுவதற்கும் கணிக்கிறது.

இவை ஏட்டுச் சுரைக்காய் என்பாருக்கு நடைமுறையே விடையளிக்கிறது. பாரிஸ் மெட்ரோவின் ஓட்டுநரில்லாத 14ஆம் தடம், பாதுகாப்பு நிரல் 'பி' என்னும் நிறுவல் முறையில் எழுதப்பட்டு, 1998இல் திறக்கப்பட்டது. கணினி அறிவியலாளர் பேட்ரிக் கூசோ குழுவினர் அருவ விளக்கத்தின் அடிப்படையில் உருவாக்கிய அஸ்த்ரே கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலின் 1,32,000 வரிகளிலும் இயக்கநேரப் பிழை, அதாவது எண் தனக்கு ஒதுக்கிய இடத்தை மீறி வழிவது போல நிரல் ஓடும்போது எழும் பிழை, இல்லை என்று, 2003இல் சாதாரணக் கணினி ஒன்றில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுவியது.

தேவையையே தவறாக எழுதினால் நிறுவலும் அந்தத் தவறையே நிறுவும் என்ற மறுப்பு வலுவானது. உணரிகளும் டயர்களும் கணிதத்துக்குக் கட்டுப்படுபவை அல்ல என்பதும் உண்மை. எனவே சாலைச் சோதனை தேவைதான். ஆனால் எண் வழிதல், பகிர்ந்த நினைவக மோதல் போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டுவதற்கு அது நியாயமாகாது. வாகனங்களுக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, மிகக் கடுமையான 'டி' நிலையிலும் ஃபார்மல் சரிபார்ப்பை 'மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது' என்னாமல் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற அளவிலேயே வைத்திருக்கிறது. பிரேக், ஸ்டீயரிங் நிரல்களைப் பொறுத்தவரையிலாவது அடுத்த பதிப்பு அதைக் கட்டாயமாக்க வேண்டும்.