வியர்வை சொல்வதும் இரத்தம் சொல்வதும்

சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தில் பொட்டாசியம் அறிகுறியின்றியே உயரக்கூடும். மிகுந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பு.

2004-இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட கிராஃபீன், ஓரணுத் தடிமனே உள்ள கரிமப் படலம். அதன்மேல் பொட்டாசியத்தைத் தேர்ந்து பற்றும் பூச்சு இட்டால், அயனிகள் சேரும்போது டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் மாறும். அம்மாற்றமே அளவைச் சொல்லும். இம்முயற்சியை வரவேற்கிறோம்.

எனினும் வியர்வையிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தின் அளவை அப்படியே காட்டுவதில்லை. ஆகவே, தோலில் ஒட்டும் உணரி எதையும் நம்பி இரத்தப் பரிசோதனையையோ டயாலிசிஸையோ தள்ளிப்போடுதல் தகாது என்பதே எம் கருத்து. தசைத் தளர்ச்சியோ படபடப்போ தோன்றினால், கருவி எதைக் காட்டினும், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.