டிஎல்எல் தந்தாச்சு, மிச்சம் எங்கே?

பாமினியில் அடித்த பழைய பைலை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் என்ன வரும் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும்: ஆங்கில எழுத்துக் குப்பை. கிளிநொச்சியில் ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தன. யூனிகோடுக்கு மாற்றவேணும். பாமினியில் 'கெ' அடிக்கும்போது கொம்பு முதலில் வரும், யூனிகோடில் ககரத்துக்குப் பிறகு வரும். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது.

இதைச் செய்யும் டிஎல்எல் ஒன்று, எங்களுக்கு முந்தின அண்ணாமார் எழுதியது, பென்டிரைவில் கிடைத்தது. அது மட்டும்தான்.

கலைப்பீடக்காரருக்கு இது ஏன் எண்டு கேட்பீர்கள். குறிப்புகளை வாசிக்கவேண்டியது நாங்கள்தானே!

விண்டோஸில் மைக்ரோசொப்ட் லிங்கருக்கு டிஎல்எல்லை நேரே கொடுக்க முடியாது, இம்போர்ட் லைப்ரரி எண்ட லிப் பைல் வேணும். 'நூலகம்' என்று மொழிபெயர்த்தால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே புத்தகம் இல்லை. எந்தப் பெயர் எந்த டிஎல்எல்லில் இருக்கு எண்ட அட்டவணைதான். புரோகிராம் ஓடும்போது டிஎல்எல்லும் பக்கத்தில் இருக்கவேணும்.

லிப் இல்லையெண்டால் நாங்களே செய்யலாம். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் நண்பர் காட்டித்தந்தார். டம்ப்பின் கட்டளையால் டிஎல்எல்லில் உள்ள பெயர்களை எடுத்து, ஒரு டெஃப் பைலில் 'எக்ஸ்போர்ட்ஸ்' எண்ட சொல்லுக்குக் கீழே எழுதி, 64 பிட் எண்டும் குறிப்பிட்டு லிப் கட்டளைக்குக் கொடுத்தார். பத்து நிமிடம்தான். லிங்க் ஆச்சு, எங்களுக்கோ பெரிய சந்தோசம்.

ஓடவிட்டோம், விழுந்தது. பட்டியலில் இருந்தது பெயர் மட்டும். அந்தப் பெயருக்கு என்னென்ன கொடுக்கவேணும் எண்டு ஹெடர் பைலில்தான் இருக்கும். நாங்கள் ஊகித்தோம். மூன்றாவதாகக் கேட்கும் அளவு பைட் கணக்கு எண்டு நினைச்சோம், உண்மையில் அது எழுத்துக் கணக்கு. ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், ஆகவே இருக்கிற இடத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கு எண்டு நம்பி அது எல்லை தாண்டி எழுதிவிட்டது. இரண்டு கிழமை கழித்து ஓர் அக்காவின் பழைய மடிக்கணினியில் ஹெடர் அகப்பட்ட பிறகுதான் இது விளங்கியது.

அந்த அண்ணாமாரில் கோபமில்லை. ஆனால் 'சமூகத்துக்கு இலவசமாகக் கொடுத்தோம்' எண்டு சொல்லும்போது, எதைக் கொடுத்தோம் எண்டும் பாருங்கோ. டிஎல்எல், லிப், ஹெடர் மூண்டும் ஒரே போல்டரில் இருக்கவேணும், முடிந்தால் மூலநிரலும். எங்கட பக்கத்தில் எழுதினவர் வெளிநாடு போயிட்டால் கேட்க ஆள் இல்லை.

இரண்டு வருடக் குறிப்புகள் மாற்றியாச்சு. நாங்கள் செய்த லிப்பும் அக்காவின் ஹெடரும் இப்ப டிஎல்எல்லோடு ஒரே போல்டரில் இருக்கு. தேவையானவர்கள் கேளுங்கோ, தருவோம்.