ஆடுகளமும் படக்கருவியும்

திருவண்ணாமலைச் சிறுவர்களின் ஆட்டங்களைப் படம்பிடிக்க எத்தகைய வீடியோ காமிரா வாங்கலாமென நம்மிடம் பலர் வினவுகின்றனர். காமிராவின் விலையைக் கேட்குமுன் ஆடுகளத்தை அளந்து பாருங்கள் என்போம்.

ஆடவர் கபடித் தளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே உடையது. அதற்குக் கையிலுள்ள செல்பேசியும் ஒரு முக்காலியும் போதும். கால்பந்துத் திடலோ ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுடையது. அங்கு, லென்சு நகர்ந்து தொலைவை அருகே கொணரும் ஆப்டிகல் சூம் வேண்டும். டிஜிட்டல் சூம் படத்தைப் பெரிதாக்குமேயன்றித் தெளிவாக்காது. விரைந்த அசைவுகளுக்கு நொடிக்கு 30 படங்களைவிட 60 நன்று.

பெட்டிமேல் அச்சிட்ட எண்களை நம்பிக் கடன்படாதீர்கள். பெற்றோர் சிலர் கூடிப் பொதுவில் ஒன்று வாங்கலாம். ஓரத்தில் தன் முறைக்குக் காத்திருக்கும் சிறுவனையும் மறவாது படம்பிடியுங்கள். அவனுக்கும் தாய் உண்டு.